ஒரே ஒரு ஓவர் போடுங்கண்ணே!

ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறு மணிக்கு எழுந்து பழக்கம் உண்டா பாஸ்? இல்லேன்னா ஒரு வாரம் மட்டும் அலாரம் வெச்சு எழுந்திருங்க. தாம்பரத்துல பஸ் பிடிச்சு, முடிச்சூர், படப்பை தாண்டி ஒரகடம் ஜங்ஷன்ல இறங்குங்க. தலைக்கு மேலே மேம்பாலம். கீழே டீக்கடை. இடது கையில டீ, வலது கையில பேட் வெச்சுக்கிட்டு நிக்கிற கூட்டத்தைப் பார்த்தா, சரியான இடத்துக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம்!

வார நாட்கள்ல இந்த ரோடு வேற. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கிற இடம் இது. கார் ஏத்தின டிரெய்லர், கன்டெய்னர், வரிசை வரிசையா கம்பெனி பஸ்... நடுவுல பூந்து ரோடு கிராஸ் பண்றதே ஒரு டெஸ்ட் மேட்ச். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21-ம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இங்கேதான். அதுக்கப்புறம் இந்த வட்டாரத்தோட முகமே மாறிடுச்சு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிக்கிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்துல ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பக்கத்துல சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான். இன்னிக்கு நீங்க பேசுற போன், ஓட்டுற பைக், முன்னாடி போற லாரின்னு எதைத் தொட்டாலும் இந்த மண்ணு ஒட்டியிருக்கும்!

சரி, கார் கம்பெனிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருங்க, வர்றேன்.

பேலட் கட்டையில் ஸ்டம்ப்!

மாத்தூர், வல்லம், வடகால்னு இந்தப் பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் மாடி மேல மாடியா ரூம்கள். ஒரு ரூமுக்கு ஆறு பேர், எட்டு பேர். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பசங்க கீழ் மாடி. ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பசங்க மேல் மாடி. வாரம் முழுக்க ஒருத்தன் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது இன்னொருத்தன் ஷிஃப்டுக்குக் கிளம்புவான். ஒரே பாயில மாத்தி மாத்திப் படுக்குறவங்க, ஒருத்தரை ஒருத்தர் முழுசா முழிச்சிருக்கும்போது பார்க்கிறதே ஞாயித்துக்கிழமைதான். அதுவும் கிரவுண்டுல!

கிரவுண்டுன்னா சேப்பாக்கம்னு நினைச்சுடாதீங்க. தொழிற்சாலைக்காக ஒதுக்கி, இன்னும் கட்டாம கிடக்கிற பிளாட். கோடையில தண்ணி வத்தின ஏரி. ஸ்டம்ப்? மெஷின் பேக் பண்ணி வந்த பேலட் கட்டை. பவுண்டரி லைன்? ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் காம்பவுண்டு சுவர். பந்து டென்னிஸ் பால். போன வருஷம் லாங் ஆன் இருந்த இடத்துல இந்த வருஷம் ஷெட் எழும்பி நிக்கும். அப்போ என்ன செய்வாங்க? பேலட் கட்டையைப் பிடுங்கிட்டு அடுத்த பிளாட்டுக்குப் போயிடுவாங்க. வேலைவாய்ப்பு வந்தா கிரவுண்டு போயிடும்... இந்த ஊரோட விதி அது!

நான் இங்கே வந்தது இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு. வந்த முதல் ஞாயிறே, "தம்பி, பதினொண்ணுக்கு ஒருத்தன் குறையுது, வர்றியா?"ன்னு பக்கத்து ரூம் அண்ணன் கூப்பிட்டார். பேட்டிங் பதினொண்ணாவது, ஃபீல்டிங் லாங் ஆன். அதாவது ஓப்பி! நம்ம லெவலுக்கு அதுவே அதிகம்னு போய் நின்னேன்.

பவுலர் ஓ.டி. போயிட்டான்!

இந்த ஊர் கிரிக்கெட்டுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. மேட்ச் 12 ஓவர். ஒருத்தருக்கு அதிகபட்சம் 3 ஓவர். அப்படின்னா குறைஞ்சது நாலு பவுலர் வேணும். ஆனா சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்கு ஓ.டி. இருக்கு, வந்துடு"ன்னு ஒரு போன் வந்தா முடிஞ்சது. ஓவர்டைம் காசை விட்டுட்டு ஓவர் போட எவன் வருவான்? அன்னிக்கு எங்க டீம்ல நாலு பவுலர்ல ரெண்டு பேர் காலி. பாக்கி ஆறு ஓவர் யார் போடறது?

கேப்டன் அண்ணன் டீமைச் சுத்திப் பார்த்தார். மூணாவது இறங்குற பேட்ஸ்மேன்கிட்ட பந்தைத் தூக்கிப் போட்டார். "ஒரே ஒரு ஓவர் போடுங்கண்ணே... அப்புறம் பார்த்துக்கலாம்!"

அந்த 'அப்புறம் பார்த்துக்கலாம்' இருக்கே... கிரிக்கெட் சரித்திரத்துல பாதி சுவாரஸ்யம் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு பாஸ்!

20 வயசு சச்சின், கடைசி ஓவர்!

1993 நவம்பர் 24. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஹீரோ கப் அரையிறுதி. இந்தியா அடிச்சது 195. தென்னாப்பிரிக்கா ஜெயிக்க கடைசி ஓவர்ல வெறும் 6 ரன். கபில்தேவ் மாதிரி ஜாம்பவான் டீம்ல இருக்கும்போது, கேப்டன் அசாருதீன் பந்தைக் கொடுத்தது சச்சின் டெண்டுல்கர் கையில! அந்த மேட்ச்ல அதுதான் சச்சினோட முதல் ஓவர். கொடுத்த ரன் மூணே மூணு. இந்தியா 2 ரன்ல ஜெயிச்சது. அப்போ சச்சினுக்கு வயசு என்ன தெரியுமா? இருபது. அட, நம்ம வயசு! நமக்கு இருபதுல அரியர் பேப்பர் எழுதவே கை நடுங்குது.

நம்ம ஊர்க் கதை இன்னும் சூப்பர். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல எலெக்ட்ரிக்கல் படிச்சவர். ஓப்பனிங் இறங்கி முதல் பால்லேருந்தே சுத்துறவர்னுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனா 1988 டிசம்பர்ல நியூஸிலாந்து வந்தப்போ, ஒரே தொடர்ல ரெண்டு தடவை அஞ்சு விக்கெட் எடுத்தார். விசாகப்பட்டினத்துல 70 ரன் அடிச்சுட்டு, 27 ரன் கொடுத்து 5. இந்தூர்ல 32 ரன் கொடுத்து 5. ஆஃப் ஸ்பின்! அவர் ஆடினது 146 ஒருநாள் போட்டி, எடுத்தது மொத்தம் 25 விக்கெட். அதுல பத்து அந்த ரெண்டே மேட்ச்ல. மிச்ச 144 மேட்ச்ல பதினஞ்சு. பார்ட் டைம் பவுலர்னா யாருன்னு இந்தக் கணக்கே சொல்லிடும்.

அதே சென்னை, இன்னொரு ஓப்பனர்... சடகோபன் ரமேஷ். 1999-ல் சிங்கப்பூர்ல வெஸ்ட் இண்டீஸோட மேட்ச். ஒருநாள் போட்டியில தன்னோட முதல் பந்தைப் போடுறார். நிக்ஸன் மெக்லீன் அவுட்! ஒருநாள் போட்டியில முதல் பந்துலேயே விக்கெட் எடுத்த முதல் இந்தியர் அவர்தான். அதுக்கப்புறம் எத்தனை விக்கெட் எடுத்தார்? ஒண்ணுகூட இல்லை. அதான் முதலும் கடைசியும்!

விராட் கோலி இதையும் தாண்டிட்டார். 2011-ல் மான்செஸ்டர்ல டி20. அவர் போட்ட முதல் பந்தே வைடு. கெவின் பீட்டர்சன் இறங்கி வந்து கோட்டை விட, தோனி ஸ்டம்பிங். வைடு கணக்குல வராதே... அதனால ஒரு பந்துகூட முறையா போடாம ஒரு விக்கெட்!

சிரிக்க மட்டும் இல்லை, கோப்பையே வாங்கிக் கொடுத்திருக்காங்க. 1996 உலகக் கோப்பை ஃபைனல், லாகூர். இலங்கையோட அரவிந்த டி சில்வா 3 விக்கெட் எடுத்துட்டு, அப்புறம் பேட் பிடிச்சு 107 நாட் அவுட். 2011 உலகக் கோப்பையில யுவராஜ் சிங் 362 ரன், கூடவே 15 விக்கெட். தொடர் நாயகன் விருது வேற யாருக்குப் போகும்?

ஏன் அவுட் ஆகுறாங்க?

நியாயமான கேள்வி. நாள் முழுக்க நெட்ல போடுற பவுலரைச் சமாளிக்கிறவன், சும்மா கையைச் சுத்துறவன்கிட்ட ஏன் அவுட் ஆகுறான்?

டீக்கடையில இதைக் கேட்டேன். அந்த மூணாவது பேட்ஸ்மேன் அண்ணன் சிரிச்சார். "தம்பி, மெயின் பவுலர் வந்தா பேட்ஸ்மேன் டொக்கு வெப்பான். நான் வந்தா 'மாப்ள, அல்வா வருது'ன்னு வாயைத் திறப்பான். வாயைத் திறந்தவனுக்குக் கண்ணு மூடிக்கும்!"

இதுக்கு மேல விளக்கம் வேணுமா? இருந்தாலும் நம்ம இன்ஜினீயரிங் புத்திக்கு நம்பர் போட்டுச் சொன்னாத்தான் திருப்தி. ஒண்ணு, வேகம் மாறுது. 130 கிலோமீட்டருக்குக் கை பழகினவனுக்கு 80-ல வர்ற பந்து சீக்கிரமே பேட்டைச் சுத்த வெச்சுடும். ரெண்டு, இவன் எப்படிப் போடுவான்னு யார்கிட்டேயும் வீடியோ இருக்காது. மூணு, இவனே பேட்ஸ்மேன். எந்தப் பந்து வந்தா எரிச்சலா இருக்கும்னு இவனுக்கு அனுபவத்துல தெரியும்.

ஆனா இந்த இனம் இப்போ குறைஞ்சுக்கிட்டு வருது. சச்சின் ஒருநாள் போட்டியில 154 விக்கெட், யுவராஜ் 111, கங்குலி 100, சேவாக் 96. ஒரே காலத்து டீம்ல இத்தனை பேர்! அப்புறம் சட்டம் மாறுச்சு. 2011-லிருந்து ஒருநாள் போட்டியில ரெண்டு பக்கமும் ரெண்டு புதுப் பந்து. பந்து பழசாகி மெதுவா வர்றதே குறைஞ்சது. 2012-ல் வட்டத்துக்கு வெளியே நாலு ஃபீல்டர்தான்னு ஆச்சு. மெதுவா போடுறவனுக்குப் பாதுகாப்பு போச்சு. ஐ.பி.எல்-ல 2023-ல் 'இம்பாக்ட் பிளேயர்' வந்ததும், பேட்ஸ்மேனை உட்கார வெச்சுட்டு முழு பவுலரையே இறக்கலாம்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்குப் பார்ட் டைம்? (2025 ஜூலையிலிருந்து ஒருநாள் போட்டியில 34 ஓவருக்கு அப்புறம் ஒரே பந்துதான்னு திரும்பவும் மாத்தியிருக்காங்க. பார்ப்போம்!)

இருந்தாலும் அவசரம்னு வந்தா வேற வழியில்லை. 2024 ஜூலை, இலங்கையில பல்லேகலே. டி20. இலங்கை ஜெயிக்க 12 பந்துல 9 ரன். 19-வது ஓவரைப் போட்டது ரிங்கு சிங். 3 ரன், 2 விக்கெட். 20-வது ஓவர், கேப்டன் சூர்யகுமார் யாதவே! 5 ரன், 2 விக்கெட். மேட்ச் டை. சூப்பர் ஓவர்ல நம்ம சென்னை வாஷிங்டன் சுந்தர் வந்து முடிச்சுக் கொடுத்தார். ரெண்டு பேட்ஸ்மேன்கள் கையைச் சுத்தலேன்னா சூப்பர் ஓவரே கிடையாது!

வட்டத்துல நாலு பாகம்

இப்ப நான் முதல்ல சொன்ன 'சம்பந்தம்' வருது. ஃபேக்டரிக்குள்ள ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்துலயும் ஒரு போர்டு மாட்டியிருப்பாங்க. அதுக்குப் பேர் ஸ்கில் மேட்ரிக்ஸ். இடது பக்கம் ஆட்கள் பேர். மேலே ஸ்டேஷன் பேர். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வட்டம், அதுல நாலு பாகம். ஒரு பாகம் கறுப்பா இருந்தா, இப்பத்தான் கத்துக்கிறார். ரெண்டுன்னா, பக்கத்துல ஆள் இருந்தா செய்வார். மூணுன்னா, தனியா செய்வார். முழு வட்டம்னா, அடுத்தவனுக்கே சொல்லிக் கொடுப்பார்.

லைன் யாருக்காகவும் நிக்காது. ஒருத்தன் லீவு, ஒருத்தனுக்குக் கையில அடி, ஒருத்தன் பாத்ரூம்... லைன் லீடர் ஓடி வந்து போர்டைப் பார்ப்பார். யாருக்கு நிறைய வட்டம் நிறைஞ்சிருக்கோ அந்த ஆளைக் கூப்பிடுவார். அவருக்குப் பேர் ரிலீவர். நம்ம மூணாவது பேட்ஸ்மேன் அண்ணன் வேலையும் அதான். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆறு ஸ்டேஷன் தெரியும் அவருக்கு. ஆறுலயும் முழு வட்டம்.

"அப்ப நீங்கதாண்ணே அங்க சச்சின்!"ன்னேன்.

டீ கிளாஸைக் கீழே வெச்சார். "ஆறு ஸ்டேஷன் தெரியும் தம்பி. ஆனா என் பேர்ல ஒரு ஸ்டேஷன் கிடையாது. கான்ட்ராக்ட்."

நான் ஜோக் அடிச்ச இடம் தப்புன்னு புரிஞ்சது. சச்சினுக்கு ஓவர் சரியா போகலேன்னா திரும்பிப் போய் நிக்க ஒரு இடம் இருந்தது. அவர் பேட்ஸ்மேன். இவருக்கு அந்த ரெண்டாவது வேலை மட்டும்தான் வேலை.

76-லிருந்து 85

சரி, மேட்சுக்கு வருவோம். நாங்க அடிச்சது 84. எதிர் டீம் 11 ஓவர்ல 76. கடைசி ஓவர். 9 ரன் வேணும். ரெண்டு மெயின் பவுலரும் கோட்டாவை முடிச்சாச்சு. அண்ணனுக்கு ரெண்டு ஓவர் போயிருக்கு, ஒண்ணு பாக்கி.

முதல் பந்து, காத்துல மிதந்து வந்தது. பேட்ஸ்மேன் சுத்தினான். காத்துதான் பட்டது. டாட்! ரெண்டாவது, ஒரு ரன். மூணாவது, இன்னும் மெதுவா. தூக்கி அடிச்சான். பந்து நேரா லாங் ஆனுக்கு வருது... லாங் ஆன்ல நான்! என் வாழ்க்கையில அவ்வளவு நேரம் ஒரு பந்து மேலேயே நின்னு பார்த்ததில்லை. நெஞ்சோட சேர்த்துக் கட்டிப் பிடிச்சேன். அவுட்! நாலாவது, ரெண்டு ரன். அஞ்சாவது, பேலட் கட்டை பிளந்து ரெண்டா விழுந்தது. போல்டு!

ஒரு பந்து, 6 ரன். கேப்டன் ஓடிப் போய் தோள்ல கை போட்டார். அண்ணன் தலையாட்டினார். அப்புறம், அதுவரைக்கும் ரெண்டே எட்டு வெச்சுப் போட்டவர், திரும்பி நடந்தார்... நடந்தார்... பத்து எட்டு பின்னாடி போய் நின்னார். ஓடி வந்தார். முழு வேகத்துல போட்டார்.

பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டி உள்ளே போய் விழுந்தது. சிக்ஸ். மேட்ச் காலி.

செக்யூரிட்டி தாத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டி, பந்தை வீசிட்டுக் கேட்டார்: "யார்றா போட்டது?" எங்க டீம்ல யாரும் வாயைத் திறக்கலை. அண்ணனே கையைத் தூக்கினார்.

தோத்த டீம்தான் பிரியாணி வாங்கணும். காசு பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது மெதுவா சொன்னார். "அஞ்சு பாலும் பேட்ஸ்மேனா இருந்து போட்டேன் தம்பி. ஆறாவதுக்கு மட்டும் பவுலராயிடணும்னு ஒரு ஆசை. அதான் போச்சு."

கேப்டன் முதுகுல தட்டினார். "அடுத்த வாரமும் கடைசி ஓவர் நீங்கதாண்ணே."

அடுத்த வாரம் அவர் போட்டார், ஜெயிச்சோம்னு எழுத எனக்கும் ஆசைதான். ஆனா அடுத்த வாரத்துக்குள்ள கான்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சு. ரூம் காலி. அவர் பாயில இப்போ புதுசா ஒரு பையன், போளூர்க்காரன். "பவுலிங் வருமாடா?"ன்னுதான் கேப்டன் அவனை முதல்ல கேட்டார். லைன்லயும் போர்டுல ஒரு பேர் அழிஞ்சு, ஒரு வட்டத்துல ஒரே ஒரு பாகம் கறுப்பாயிருக்கும்.

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன்கிட்டேயிருந்து மெசேஜ். ஓசூர்ல இருக்காராம். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "இங்க டீம்ல பவுலரே இல்ல தம்பி. புதுப் பந்து எனக்குத்தான்!"

படிச்சுட்டுச் சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியலை. சிரிச்சேன்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா, மேம்பாலத்துக்குக் கீழே டீ குடிச்சுட்டு அப்படியே கிரவுண்டுப் பக்கம் நடந்து வாங்க. பதினொண்ணுக்கு ஒருத்தர் எப்பவும் குறையும். கேப்டன் பந்தை நீட்டினா, "நான் பேட்ஸ்மேன்"னு பின்வாங்காதீங்க. ரெண்டே எட்டு வெச்சு, மெதுவாப் போடுங்க. ஆறாவது பந்தையும்!